இசபோவின் வெறுஞ்சுவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கத்தோலிக்கப் பெண். ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. ஜெபமாலை இடுப்பிலேயே இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொட்டதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு பட்டாம்பூச்சியைப் பற்றித்தான் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன். எங்கள் பக்கத்தில் போப்பாண்டவரை ஏற்காத சீர்திருத்தச் சபைக்காரர்களைப் பட்டாம்பூச்சி என்றுதான் கேலி செய்வோம். காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவர்கள் எங்களைப் போப்பாண்டவர் பட்டியிலுள்ள ஆடுகள் என்பார்கள். வாய்ச் சண்டையில் இரண்டு பக்கமும் சளைத்ததில்லை.

இசபோ ரூவியேர் என் அடுத்த வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது என் மூக்குக்குத் தெரியும். நானும் என் புருஷன் கில்லெமும் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பது அவள் காதுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வந்தால் போதும், வேண்டுமென்றே பன்றிக் கொழுப்பை உருக்கி வெங்காயம் வதக்குவாள். இந்தப் பக்கம் நான் கருவாட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“ஏண்டி, வாரம் பூரா விட்டுட்டு இன்னைக்குத்தான் உனக்குக் கொழுப்பு கேக்குதா?” என்று சுவரைப் பார்த்துக் கத்துவேன்.

“நாக்கைத்தானே அடக்கச் சொன்னாரு உங்க சாமியாரு? மூக்கையுமா?” என்று பதில் வரும். சிறிது நேரத்தில் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அவள் சலவைக்காரி. விதூர்ல் ஆற்றங்கரையில் அவளுடைய கல் எது என்று ஊருக்கே தெரியும். புருஷன் ஏலி கம்பளி சிக்கெடுக்கிறவன், நல்லவன், ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கைக்குழந்தை யூதித்தைக் கூடையில் படுக்கவைத்துவிட்டு அடுத்த வாரமே ஆற்றுக்குப் போனவள் இசபோ. நெட்டையான உருவம், எப்போதும் வெந்து சிவந்த கைகள். வீடு வீடாகப் போய் அடுப்புச் சாம்பல் கேட்டு வாங்குவாள். ஓக் மரச் சாம்பலை நீட்டினால் முகத்திலடித்த மாதிரி திருப்பிக் கொடுத்துவிடுவாள். அது துணியில் பழுப்பேற்றுமாம். அத்தி, ஆப்பிள், திராட்சைக் கொடி என்று மரம் பார்த்துச் சாம்பல் பொறுக்கி, பெரிய மரத்தொட்டியில் துணியை அடுக்கி, மேலே சாம்பலைப் பரப்பி, கொதிநீரை ஊற்றி ஊற்றி வடிப்பாள். அவள் வெளுத்த துணியை வெயிலில் பார்த்தால் கண் கூசும். நீதிபதியின் கழுத்துப்பட்டியும் அவள் கை, பாதிரியாரின் வெள்ளங்கியும் அவள் கை. பீடத்தின் விரிப்பைக்கூட எங்கள் கோயில்பிள்ளை பின்வாசல் வழியாக அவளிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். கேட்டால், ‘அழுக்குக்கு மதமில்லை அம்மா’ என்பார்.

வீம்பு அவளுக்குக் கூடப்பிறந்தது. சீர்திருத்தக்காரர்கள் தங்கள் ஜெபவீட்டுக்கு வெளியே வேதத்திலுள்ள சங்கீதப் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று ஒரு ஆணை வந்தது. அதுவரை ஆற்றங்கரையில் பாடிக்கொண்டே துவைத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இசபோவும் மூடிக்கொண்டாள். ஆனால் துணியை அடிக்கும் கட்டையில் அந்தச் சங்கீதத்தின் தாளத்தையே போட்டாள். நீட்டி ஒன்று, சுருக்கி இரண்டு, மறுபடி நீட்டி ஒன்று. கேட்ட பட்டாம்பூச்சிகளுக்கெல்லாம் வார்த்தை தானாக மனதில் ஓடியிருக்கும். யாரோ போய்ப் பழைய பங்குச்சாமியாரிடம் கோள் சொன்னார்கள். அந்த மனிதர் கரைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

“என்ன இசபோ, பாட்டா?”

“வாயே திறக்கல சாமி. அழுக்கு போகலை, அடிக்கிறேன்.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “நல்லா அடி, நல்லா அடி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்ட சாமியார்களும் எங்களிடம் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

நற்கருணைத் திருநாளைப் பற்றி இப்போது சொல்கிறேன், ஏனென்றால் விவகாரம் முழுவதும் அதில்தான். அன்று தேவ நற்கருணை, ஆண்டவரின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பம், கதிர்ப்பாத்திரத்தில் வீதி வலம் வரும். மேலே விதானம், முன்னால் மெழுகுவர்த்திகள், தரையெல்லாம் மஞ்சள் பூ. வழியிலுள்ள ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் வெள்ளைத் துணி தொங்க வேண்டும். சீர்திருத்தக்காரர்கள் தங்கள் கையால் கட்ட வேண்டியதில்லை, ஆனால் வேறு யாராவது வந்து கட்டினால் தடுக்கக் கூடாது என்பது சட்டம். பவனி போகும்போது அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவார்கள். வெளியே நின்றால் முழங்கால் போட வேண்டும், அல்லது கல்லடி வாங்க வேண்டும்.

தெரு முழுக்கத் தொங்கும் வெள்ளை அத்தனையும் இசபோ வெளுத்தது. அவள் சுவர் மட்டும் வெறும் கல்லாக நிற்கும். கல்யாணமாகி நான் அந்தத் தெருவுக்கு வந்த முதல் வருஷம், அந்தச் சுவரைப் பார்த்ததும் ஆட்கள் கையில் கல் எடுப்பதைக் கண்டேன். அடுத்த வருஷம் என் படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுபோய் அவள் முகப்பில் கட்டும்படி கில்லெமிடம் சொன்னேன். இசபோ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுவரு என்னோடது துவானெத், நெனப்பிருக்கட்டும்.”

“துணி என்னோடதுடி. உள்ள போய்க் கதவைச் சாத்து.”

அத்தோடு சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருநாளுக்கும் கில்லெம் ஏணி போட்டுக் கட்டுவார், பவனி போனதும் அவிழ்ப்பார். நன்றி என்று அவள் சொன்னதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த விரிப்பை மட்டும் கூலி வாங்காமல் வெளுத்துக் கொடுப்பாள்.

பழைய பங்குச்சாமியார் இறந்து புதிதாக பெர்ராந் என்ற இளம் பாதிரியார் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆத்துமங்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். அதே நேரத்தில் அரசரின் புது ஆணையும் வந்தது. ஏழு வயது நிரம்பிய பிள்ளை தானே விரும்பிக் கத்தோலிக்க சபைக்கு வரலாம், பெற்றவர்கள் தடுக்க முடியாது, பிள்ளையை எங்கள் துறவியர் மடத்தில் வைத்து வளர்ப்பார்கள். ‘தானே விரும்பி’ என்பதற்கு ஆளுக்கொரு அளவு. பீப்பாய் செய்கிறவனின் மகன் ஒரு ஆப்பிளுக்கு ஆசைப்பட்டுக் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தான், அவ்வளவுதான். அவன் தாய் இன்னும் பைத்தியம் மாதிரி மடத்தின் வெளிச்சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள். அன்றிலிருந்து பட்டாம்பூச்சி வீட்டு அம்மாக்கள் பிள்ளைகளைக் கோழிக்குஞ்சு மாதிரி பொத்தி வைத்திருந்தார்கள். யூதித்துக்கு அந்தக் குளிர்காலத்தில் ஏழு முடிந்தது.

அந்த வருஷத் திருநாளுக்கு முந்தின நாள் மழை. தெரு ஓரமெல்லாம் சேறு. திருநாளன்று வெயில் அடித்தது, ஆனால் வடகாற்று பிடித்து உலுக்கியது. கில்லெம் வழக்கம்போலத் துணியைக் கட்டினார். நான் மெழுகுவர்த்தியோடு பவனியில் நடந்து வந்தேன். விதானம் எங்கள் வீட்டருகே வரும்போது காற்று ஒரு மோது மோதியது. இசபோ வீட்டு முகப்பில் என் விரிப்பின் ஒரு மூலை அவிழ்ந்து, துணி சரசரவென்று சரிந்தது. கீழ் ஓரம் சேற்றில்.

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் அந்தக் குட்டி. சலவைக்காரி பெற்ற பிள்ளை. பிறந்தது முதல் அவள் கேட்ட கட்டளை ஒன்றுதான்: வெளுத்த துணி மண்ணில் படக் கூடாது. கதவைத் திறந்துகொண்டு ஒரே ஓட்டம். முழங்கால் போட்டுச் சேற்றிலிருந்து துணியை வாரி எடுத்து, எழுந்து, விழுந்த மூலையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் சரியாகக் கதிர்ப்பாத்திரம் அவளைக் கடந்தது.

பெர்ராந் சாமியார் நின்றுவிட்டார். பவனியும் நின்றது. அவர் கண்ணில் நீர்.

“பாத்தீங்களா!” என்றார். “ஆண்டவர் முன்னால முழங்கால் போட்டா. தன் கையால வீட்டை அலங்கரிச்சா. யாரு சொல்லிக் குடுத்தா இந்தப் பிள்ளைக்கு?”

கூட்டம் ஆகா என்றது. கதவருகே இசபோவின் முகத்தைப் பார்த்தேன். அவள் வெளுத்த எந்தத் துணியும் அப்படி வெளுத்ததில்லை.

மறுநாளே வழக்கு நீதிபதியிடம் போனது. எட்டாம் நாள் மறுபவனி வரும். அதற்கு முந்தின நாள் பிள்ளையை நேரில் விசாரிப்பதாகவும், அதுவரை தாய் பேசிக் கலைக்காமல் ஒரு கத்தோலிக்க வீட்டில் வைக்க வேண்டும் என்றும் நீதிபதி சொன்னார். பாதிரியார் என் பெயரைச் சொன்னார். நீதிபதி இசபோவைக் கேட்டார். “துவானெத் வீடுன்னா சரி” என்றாள். யூதித் தன் மரக்காலணிகளைக் கையில் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு வந்தாள்.

அவள் வந்து இறங்கியதும் பெர்ராந் சாமியார் இசபோவின் பின்கட்டுக்குப் போனார். நடுச்சுவர் மெல்லியது, நானும் செவிடில்லை.

“அம்மா, உனக்குக் கெடுதல் பண்றது என் நோக்கமில்ல. மறுபவனி அன்னைக்கு உன் கையால ஒரு துணி கட்டு. ஒண்ணே ஒண்ணு. கட்டிட்டு வாசல்ல நில்லு, முழங்கால்கூடப் போட வேணாம். புகாரை நான் திரும்ப வாங்கிக்கிறேன்.”

கொதிநீர் ஊற்றும் சத்தம் நின்றது.

“சாமி, அந்தக் கதிர்ப்பாத்திரத்துக்குள்ள என்ன இருக்கு?”

“ஆண்டவர் இருக்கார்.”

“உங்களுக்கு ஆண்டவர். நீங்க முழங்கால் போடுறப்ப நான் ஒரு நாளும் சிரிச்சதில்ல. எனக்கு அது ரொட்டி. ரொட்டின்னு நெனச்சுக்கிட்டே நான் துணி கட்டினா, உங்க சாமியையும் ஏமாத்துறேன், என் சாமியையும் ஏமாத்துறேன். ரெண்டு பேரையும் ஏமாத்திட்டு வந்து எம்பிள்ளைக்கு நான் என்னத்த சொல்லிக் குடுக்குறது?”

“அப்ப பிள்ளை போனாப் போகட்டும்கிறியா?”

“இல்ல சாமி” என்றாள். “அவ இல்லாம நான் இல்ல. ஆனா துணி கட்டறதுக்கு இந்தக் கையி வராது.”

அவர் போனதும் நான் பொறுக்க முடியாமல் ஓடினேன்.

“துணிதானேடி! நாள் பூரா கொடியில தொங்க விடுறவதானே நீ! ஒரு நாள் சுவத்துல தொங்கினா உன் கையி அழுகிடுமா?”

“தெனமும் காயப்போடுறேன் துவானெத். கும்பிடப் போட்டதில்ல.”

“பிள்ளையவிட வீம்பு பெருசா ஒனக்கு?”

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. “அவளுக்கு ஏதாவது சாப்பிடக் குடு” என்றாள். “வெங்காயம் கூடப் போட்டா துப்பிடுவா.” நான் எரிச்சலோடு திரும்பி வந்தேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை. பிறந்தவை தங்கவில்லை. யூதித் என் வீட்டில் காலை எழுந்து தலைமுடி கலைந்து வந்து “அத்தை, பசிக்குது” என்று நின்றபோது பெரிய துண்டாக ரொட்டி வெட்டிக் கொடுத்தேன். அவள் அதை மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பெர்ராந் சாமியார் அதைக் கண்டுகொண்டார். பிள்ளைக்கு மரியாயின் ஜெபத்தைச் சொல்லிக்கொடு என்றவர், வாசலில் நின்று, “மடம் தூரம். நல்ல கத்தோலிக்க வீட்டுல வளர்க்கவும் வழியிருக்கு துவானெத். உன் வீட்டுலயே” என்றார்.

அன்று முழுக்க நான் நானாக இல்லை. பாவம் என்றும் படவில்லை. பிள்ளையின் ஆத்துமம் கரையேறும், எனக்கொரு மகள் கிடைப்பாள், இசபோ அடுத்த வீட்டிலிருந்தே தினமும் பார்க்கலாம். யாருக்கு நஷ்டம்? கில்லெம்கூட, “நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இரு, போதும்” என்றார்.

ஜெபம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வரி சொன்னால் தேன் தடவிய ரொட்டி ஒரு துண்டு. குட்டி கெட்டிக்காரி, இரண்டு நாளில் முழு ஜெபமும் பாடம். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இதெல்லாம் கேட்டிருக்கும். அங்கிருந்து ஒரு தட்டோ ஒரு இருமலோகூட வரவில்லை. தெருவில் எதிரே வந்தபோது வழக்கம்போலத் தலையசைத்தாள், அவ்வளவுதான். வந்து கெஞ்சுவாள், எனக்காக ஒரு சொல் சொல்லு துவானெத் என்பாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. வராதது எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் கேட்பதற்குக்கூடத் திமிரா என்று பொருமினேன்.

விசாரணை நாளில் நீதிமன்ற அறையில் நிற்க இடமில்லை. நீதிபதி வயதானவர், வயிற்றுவலிக்காரர், சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்ப்பவர். தாய் பேசக் கூடாது என்று இசபோவைக் கடைசியில் நிற்க வைத்திருந்தார்கள். யூதித்தை ஒரு பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள்.

“அன்னைக்கு எதுக்கும்மா வெளிய ஓடி வந்தே?” என்றார் நீதிபதி.

“துணி விழுந்துச்சு.”

“முழங்கால் எதுக்குப் போட்டே?”

யூதித் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “அடியில சேறு. நின்னுகிட்டு இழுத்தா இன்னும் தேயும்ல?”

யாரோ சிரித்தார்கள். பெர்ராந் சாமியார் குனிந்து, இதமாகக் கேட்டார். “அப்ப உன் முன்னாடி போனது யாருன்னு பாத்தியா கண்ணு?”

“செருப்பு பாத்தேன். நிறையச் செருப்பு. ஒரு ஆளு துணிய மிதிக்கப் பாத்தாரு, வெள்ளிக் கொக்கி வச்ச செருப்பு.”

அது பாதிரியாரின் செருப்பு. அறை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். பாதிரியாரின் முகம் சிவந்தாலும் விடவில்லை. மரியாயின் ஜெபத்தைச் சொல்லச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பிழையில்லாமல் கணீரென்று சொன்னாள். சிரிப்பு அடங்கிப்போனது. துவானெத் அத்தை வீடு பிடிச்சிருக்கா என்று கேட்டார். பிடிச்சிருக்கு என்றாள். அங்கேயே இருக்கறியா என்றார். “இருக்கேன், தேன் இருக்கு” என்றாள். கணக்குத் தீர்ந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பீப்பாய்க்காரனின் மனைவி மூலையில் விசும்ப ஆரம்பித்தாள்.

நீதிபதி பெருமூச்சு விட்டு, “பிள்ளையை வச்சிருந்தவ யாரு? வா இங்க” என்றார். சிலுவையின் மேல் கை வைக்கச் சொன்னார். “அரசர் ஆணையில தானே விரும்பின்னு இருக்கு. ஜெபத்தை இவளா கேட்டுக் கத்துக்கிட்டாளா? நம்ம சபைக்கு வரணும்னு ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொன்னாளா?”

பெர்ராந் சாமியார் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். யூதித் பெஞ்சின் மேலிருந்து என் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்ற ஒரு சொல். அதைச் சொன்னால் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் திரும்பி இசபோவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சுகிற பார்வை ஒன்று அவள் முகத்தில் இருந்திருந்தால் என் கோபம் தணிய அது போதுமாயிருந்திருக்கும். அதுவும் இல்லை. என் கை மட்டும் சிலுவையின் மேல் இருந்தது.

“இல்லைங்கய்யா” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “தேனுக்காகக் கத்துக்கிட்டா. வரிக்கு ஒரு துண்டு. குடிகாரன் பாட்டைச் சொல்லிக் குடுத்திருந்தாலும் கத்துக்கிட்டிருப்பா. சபைக்கு வர்றேன்னு சொன்னதே இல்ல.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“ஒண்ணு சொன்னா. பெரிய விரிப்பைப் பிழியறப்ப இன்னொரு முனையைப் பிடிக்க அம்மாவுக்கு ஆளு இல்லையே, யாரு பிடிப்பான்னு கேட்டா. தெனமும் அதையேதான் கேட்டா.”

நீதிபதி மூக்கைச் சிந்தினார். “துணி ஏன் விழுந்துச்சு?” என்று கேட்டார், ஏதாவது கேட்க வேண்டுமே என்பதுபோல. கில்லெம் கூட்டத்தில் எழுந்து, தொப்பியைக் கசக்கிக்கொண்டு, “முடிச்சு அவுந்துருச்சுங்கய்யா. நான்தான் போட்டேன்” என்றார். கில்லெம் கயிறு திரிக்கிறவர், ஊரில் அவர் முடிச்சுக்குப் பேர். அறையில் எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரமானது. இன்றைக்கும் எங்காவது கதவு தானாகத் திறந்துகொண்டால் ‘கில்லெம் முடிச்சு’ என்பார்கள். அந்த மனிதர் அதைப் பொறுத்துக்கொண்டார், அதற்காகவே அவரை அதற்குப் பிறகு நான் கொஞ்சம் குறைவாகத் திட்டினேன்.

விருப்பம் நிரூபிக்கப்படவில்லை, பிள்ளை தாயிடம் போகட்டும் என்று தீர்ப்பானது. யூதித் பெஞ்சிலிருந்து குதித்து ஓடினாள். இசபோ அவளைத் தூக்கிக்கொள்ளவில்லை, முத்தமிடவில்லை. கையைப் பிடித்தாள், விரல் வெளுக்கும்படி பிடித்தாள், நிமிர்ந்து கூட்டத்துக்கு நடுவில் நடந்து போனாள். பட்டாம்பூச்சிகள் இரண்டு பக்கமும் வழி விட்டார்கள். எங்கள் ஆட்களிலும் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள், அதை நான் பார்த்தேன். மறுநாள் மறுபவனிக்கு என் விரிப்பை நானே ஏணியில் ஏறிக் கட்டினேன். பெர்ராந் சாமியார் அந்த வருஷம் முழுக்க நான் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோதெல்லாம் நீளமான ஜெபங்களை அபராதமாகக் கொடுத்து என் முழங்காலைத் தேய்த்தார்.

நானும் இசபோவும் வெகு நாள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. தேன் மட்டும் வாரம் தவறாமல் அடுத்த வீட்டுக்குப் போனது, குட்டி எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

பிறகு அந்தக் கெட்ட இலையுதிர்காலம் வந்தது. சீர்திருத்தக்காரர்களுக்கு வழிபடும் உரிமை தந்திருந்த பழைய சமாதான ஆணையை அரசர் ரத்து செய்தார். ஜெபவீட்டைக் கடப்பாரையால் இடித்தார்கள். குதிரைப்படை வந்து பட்டாம்பூச்சிகளின் வீடுகளில் மட்டும் தங்கியது. சிப்பாய்கள் தின்றார்கள், உடைத்தார்கள், தூங்க விடாமல் முரசடித்தார்கள். மூன்றாம் நாள் ஊரே வரிசையில் நின்று மதம் மாறினேன் என்று கையெழுத்துப் போட்டது. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கு அப்படி நேர்ந்திருந்தால் நான் முதல் நாளே போட்டிருப்பேன். இசபோ வீட்டில் சிப்பாய்கள் மேசையை எரித்தார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் போடாவிட்டால் யூதித் மடத்துக்கு என்றார்கள், இந்தத் தடவை யாரையும் எதுவும் கேட்கப் போவதில்லை. இசபோ சரி என்று சொல்லிவிட்டு, சிப்பாய்களின் அழுக்குத் துணியையெல்லாம் மூட்டையாகக் கட்டித் தொட்டியில் போட்டாள்.

சனிக்கிழமை காலை ஆற்றங்கரைக்கு நானும் போனேன். பெரிய விரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்து எதிரெதிராக முறுக்கினோம். யூதித் தள்ளி நின்று கூடையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நெடுநாளாக மனதில் கிடந்த கேள்வி அப்போது வெளியே வந்தது.

“ஏண்டி, அன்னைக்கு எம்பிள்ளையக் காப்பாத்துன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணலையா? அத்தனை திமிரா?”

அவள் முறுக்குவதை நிறுத்தவில்லை. “தோணாம இருக்குமா. சுவத்துல கைய வச்சு எத்தனை தடவ நின்னேன் தெரியுமா.”

“பின்ன?”

“கேட்டிருந்தா நீ சொன்னது எனக்காகச் சொன்னதா போயிருக்கும். நான் கேக்கல. அதனால அது உன் சாமிக்கு முன்னால நீ சொன்ன உண்மை. அதை யாரும் உங்கிட்டருந்து எடுக்க முடியாது துவானெத். நானும் எடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.” பிறகு வழக்கமான குரலில், “நல்லா முறுக்கு, இன்னும் தண்ணி சொட்டுது” என்றாள். நான் முறுக்கினேன். கண்ணீரும் வந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை.

மதியத்துக்குப் பிறகு அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்துக் காவலைக் கடந்து போனாள். யூதித் பக்கத்தில் இன்னொரு சுமையோடு. தங்கள் துணி காய வேண்டுமே என்று காவல்காரர்களே வழி விட்டார்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் சாய்ந்தபோது நான் அக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். ரோஸ்மேரிப் புதர்களின் மேல் விரிப்புகள் விரித்திருந்தன. ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று, ஆற்றோரப் பாதை நெடுக மலைப்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு மடிப்பு இல்லை, ஒன்றுகூட மண்ணில் படவில்லை. கடைசித் துணிக்கு அப்பால் பாதை மட்டும்தான். அந்தத் துணிகளின் நடுவில் நின்று நான் வாய்விட்டுச் சொன்னேன், போடி, நல்லபடியா போ என்று. மலையைத் தாண்டி, சீர்திருத்தக்காரர்களின் ஊரான ஜெனீவா போய்ச் சேர்ந்தாள், பெண்ணும் கூடவே இருக்கிறாள் என்று வெகு நாள் கழித்து ஒரு கோவேறு கழுதைக்காரன் வந்து சொன்னான்.

அன்று மாலை பெர்ராந் சாமியார் மூச்சிரைக்கப் பாலத்துக்கு வந்தார். கூடவே இரண்டு சிப்பாய்கள். நான் புதர்களிலிருந்து எடுத்து மடித்த துணிகளைச் சுமந்துகொண்டு நின்றேன்.

“துவானெத், நீ பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். எங்க அவ?”

“துணி காயப்போடப் போனா சாமி.”

அவர் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார், அக்கரைப் பாதையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிப்பாய்கள் துணி காய்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். காய்ந்துவிட்டது என்று கொடுத்தேன்.